ஃபுல்மெட்டலா ஹண்டரா: ஒண்டுதான் எண்டா நான் ஃபுல்மெட்டல்

நம்மட பொடியன்மாருக்குள்ள அனிமே, அதான் ஜப்பான் கார்ட்டூன் தொடர், அந்தக் கதை எடுத்தாலே நருட்டோவா வன்பீஸா எண்டுதான் போகும், அது விடிய விடிய நடந்தாலும் முடியாத வழக்கு. எனக்கு அதவிடப் பெரிய வழக்கு ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட் பிரதர்ஹுட்டா ஹண்டர் எக்ஸ் ஹண்டரா எண்டுறதுதான், ஏனெண்டா ஷோனென் எண்டுற பொடியன்மாருக்கான கதை வகைல ஆகலும் உச்சத்துல நிக்கிற ரெண்டு சாமான் இது, ரெண்டையும் முழுசாப் பாத்த ஒருத்தனும் தன்ட பக்கத்த லேசுல விட்டுக்குடுக்க மாட்டான். கல்முனைல இருக்கிற என்ட மச்சான் ஹண்டர் பக்கம், அவன் மட்டக்களப்புக்கு வந்தா கல்லடிப் பாலத்துல நிண்டு நாங்க கதைக்கிறது முழுக்க இதுதான். நான் ஃபுல்மெட்டல் பக்கம். ஏனெண்டு விரிவாச் சொல்றன், முடிவெல்லாம் வெளிய வரும், இன்னும் பாக்காதாக்கள் பாத்திட்டு வந்து வாசிங்க.

முதல்ல அடிப்படை விசயம். ஃபுல்மெட்டல் ஹிரோமு அரகாவா எண்டுற பொம்புள எழுதி வரைஞ்ச மங்கா, அதான் ஜப்பான் படக்கதை, 2001ல தொடங்கி 2010ல முடிஞ்சிது, 27 வொலியூம். ஹொக்கைடோல மாட்டுப் பண்ணைக் குடும்பத்துல வளந்தவ அவ. பிரதர்ஹுட் அனிமே போன்ஸ் ஸ்டூடியோட வேலை, 2009ல தொடங்கி 2010ல முடிஞ்சிது, 64 எபிசோட். ஹண்டர் யோஷிஹிரோ தொகாஷிட கதை, 1998ல தொடங்கினது, இன்னும் முடியல்ல. மேட்ஹவுஸ் 2011ல இருந்து 2014 மட்டும் செஞ்ச 148 எபிசோட்டத்தான் நான் இஞ்ச எடுக்கிறன், 1999ல வந்த பழைய அனிமேய இழுக்கல்ல.

ஹண்டர்ட கெட்டித்தனத்தச் சொல்லாம மற்றதுக்குப் போறது நியாயமில்ல. நென் எண்டுற அந்தச் சக்தி முறை மாதிரி ஒழுங்கா யோசிச்சுக் கட்டின ஒண்ட நான் வேற ஷோனென்ல காணல்ல. ஒரு கிளாஸ் நிறையத் தண்ணி, மேல ஒரு இலை, ரெண்டு கையையும் சுத்தி வெச்சு சக்தியக் குடுத்தா தண்ணி கூடி வழியிறது ஒரு வகை, இலை அசையிறது ஒரு வகை, தண்ணிட நிறம் மாறுறது ஒரு வகை, ருசி மாறுறது கதாநாயகன் கோன்ட கூட்டாளி கில்லுவாட வகை. எவ்வளவு சின்னச் சாமான வெச்சு எவ்வளவு பெரிய விசயத்த விளக்கிறான் பாருங்க. மறுகா அதுக்கு மேல ஒரு விதி வெச்சிருக்கான், ஒரு ஆள் தனக்குத்தானே ஒரு கட்டுப்பாடு போட்டா பெலம் கூடும், கட்டுப்பாடு எவ்வளவு கடுமையோ அவ்வளவு பெலம். கோன்ட இன்னொரு கூட்டாளி குராபிகா தன்ட இனத்தையே அழிச்ச கூட்டத்துக்காக ஒரு சங்கிலி செய்றான், அந்தக் கூட்டத்த விட்டு வேற ஒராளுக்கு அதப் பாவிச்சா தன்ட உசிர் போகும் எண்டு தானே விதி போட்டுத்தான் செய்றான். பழி வாங்கிறவன் தன்ட கழுத்துலயும் கயிறு போட்டுக்கிறான் எண்டுறத ஒரு வசனமும் பேசாம சண்டை விதிக்குள்ளயே வெச்சுட்டான் தொகாஷி.

யோர்க்நியூ பகுதில அந்தக் கொலைகாரக் கூட்டத்துல ஒராளான உவோகின் செத்த பிறகு, அதே கூட்டத்து நொபுனாகா அவனுக்காக அழுவான். அதப் பாத்துட்டு கோன் எண்டுற சின்னப் பொடியன் கோவத்துல கத்துவான், கூட்டாளிக்காக அழத் தெரிஞ்ச உங்களுக்கு நீங்க கொண்டு போட்ட ஆக்களுக்காக அதுல கொஞ்சமாச்சும் ஏன் வரல்ல எண்டு. எனக்கு அந்த இடத்துல உடம்பு சிலிர்த்திட்டு. ஏனெண்டா கெட்டவனுக்கும் கண்ணீர் இருக்கு எண்டு காட்டிற கதை கனக்க இருக்கு, அந்தக் கண்ணீர வெச்சே அவன கேள்வி கேக்கிற கதை அவ்வளவா இல்ல.

கைமேரா எறும்புப் பகுதி 76ம் எபிசோட்ல தொடங்கி 136ல முடியும், அதுக்குள்ள எறும்புகள்ட ராசா மெருயெமும் கண் தெரியாத மனிசப் பொண்ணு கொமுகியும் குங்கி எண்டுற பலகை விளையாட்டு விளையாடுற இடங்கள நான் எந்த அனிமேக்கும் விட்டுக்குடுக்க மாட்டன். தோத்தா உன்ட கையத் தரணும் எண்டு ராசா பந்தயம் கேக்கிறான், அவ எனக்கு உசிரத்தான் பந்தயமா வெச்சுப் பழக்கம் எண்டு சாதாரணமாச் சொல்றா, அதக் கேட்டு வெக்கப்பட்டு அவன் தன்ட கையையே பிச்சுப் போடுறான். மனிசரத் திங்கிறதுக்கெண்டே பொறந்த ஒருத்தன் மனிசனா மாறுற நேரம், மனிசர் பக்கத்துத் தலைவர் நெட்டெரோ தன்ட நெஞ்சுக்குள்ள வெச்சிருந்த குண்ட வெடிக்க வெச்சு நஞ்சால அவனக் கொல்றான். ஆர் மிருகம் எண்டு கேட்டா பதில் சொல்ல ஏலா. மச்சான் இந்த இடத்த எடுத்தா நான் எதிர்த்துக் கதைக்கிறதே இல்ல.

இவ்வளவையும் சொல்லிட்டு ஏன் ஃபுல்மெட்டல் எண்டா, ரெண்டு கதையும் ஒரே கேள்வியத்தான் கேக்குது. இழந்தத திருப்பி எடுக்க நீ என்ன குடுப்பாய்? அந்தக் கேள்விக்கு ஹண்டர் பாதில நிக்குது, ஃபுல்மெட்டல் கடைசி மட்டும் போய் கணக்கத் தீர்க்குது.

ஃபுல்மெட்டல்ல எட்வர்ட், அல்ஃபோன்ஸ் எண்டுற அண்ணன் தம்பி ரெண்டு பேரும், ஒரு சாமான இன்னொண்டா மாத்திற அல்கெமி வித்தையால செத்த அம்மாவத் திருப்பிக் கொண்டாரப் பாக்கிறாங்க. 35 லீட்டர் தண்ணி, 20 கிலோ காபன், 4 லீட்டர் அமோனியா, ஒண்டரைக் கிலோ சுண்ணாம்பு, 250 கிராம் உப்பு எண்டு பெரியாளுட உடம்புக்குரிய சாமானெல்லாம் பட்டியலா எட்வர்ட்ட வாயில இருக்கு, எல்லாம் சின்னப் பிள்ளைட கைக்காசுக்குச் சந்தைல வாங்கலாம் எண்டுறான். அந்தப் பட்டியல்லதான் அவங்கட பிழையும் இருக்கு. தம்பிட முழு உடம்பு போகுது, எட்வர்டுக்கு ஒரு கால் போகுது, தம்பிட உசிர ஒரு இரும்புக் கவசத்துல கட்டி வெக்கக் கையும் போகுது. 64 எபிசோட்டும் இந்த ஒரு கடன அடைக்கிற கதைதான், கடைசில எட்வர்ட் தம்பிய எடுக்க தன்ட அல்கெமியையே முழுசாக் குடுக்கிறான், அவன அவன் ஆக்கின சாமான் அது. கடைசிக் காட்சில கூட அவன்ட இடது கால் இரும்புதான். அந்தக் கால் திருப்பி வரல்ல, வரவும் கூடாது.

இப்ப கோனப் பாருங்க. தான் மதிச்ச கைட்டக் கொண்ட பிட்டோ எண்டுற எறும்ப கொல்ல தன்ட வாழ்க்கைல வரப்போற பெலம் எல்லாத்தையும் ஒரே நேரத்துல எரிக்கிறான், 131ம் எபிசோட், அந்தக் காட்சி பயங்கரம், உடம்பு காஞ்ச விறகாப் போகுது. சரி, விலை குடுத்திட்டான் எண்டு நான் நெஞ்சு பாரத்தோட இருக்கிற நேரம் தேர்தல் பகுதி வருது, கில்லுவாட சகோதரம் அலுக்காக்குள்ள இருக்கிற நானிகா தொட்டதும் ஆள் எழும்பி வாறான். கில்லுவா கேட்டா நானிகா விலை கேக்காது எண்டு கதையே விதியும் போட்டு வெச்சிருக்கு. நென் இல்லாமப் போச்சு எண்டுறது பிறகு மங்காலதான் வருது, அதுக்கு முதலே அனிமே 148ல முடிஞ்சிடுது. குராபிகாவும் யோர்க்நியூக்குப் பிறகு எட்டிப் பாத்திட்டுப் போற ஆள்தான். அவன்ட பழி என்ன ஆச்சு எண்டு அனிமேல தெரியவே தெரியா.

இனி எனக்கு ஆகலும் முக்கியமான விசயம், இஷ்வால், ஃபுல்மெட்டல் கதைக்குள்ள வாற ஒரு இனமும் அவங்கட ஊரும்.

பிரதர்ஹுட்ட முதல் எபிசோட் ஜப்பான்ல போனது 2009 ஏப்ரல். அந்த மாசம் இந்த நாட்டுல என்ன நடந்துகிட்டு இருந்தது எண்டு நம்மட ஆக்களுக்கு நான் சொல்லத் தேவல்ல. அரகாவா இத எழுதத் தொடங்கினது அதுக்குக் கனகாலம் முதல், அவக்கு எங்கள ஆரெண்டும் தெரியாது, ஆனா 30ம் எபிசோட்டப் பாக்கிற மட்டக்களப்பு ஆளுக்கு அது வேற நாட்டுக் கதையா இருக்காது. ஒரு சிப்பாய் ஒரு இஷ்வால் பிள்ளைய சுடுறதுல தொடங்கின சண்டை வருசக்கணக்கா இழுபட்டு, கடைசில முழு இனத்தையும் துடைச்சு எடுக்கச் சொல்லி மேல இருந்து ஒரு உத்தரவு வருது. அதச் செஞ்சவங்கள் ஆரு? நாம முப்பது எபிசோட்டா விரும்பிப் பாத்த இராணுவ ஆக்கள் மஸ்டாங், ஹோக்கை, செத்தப்ப நாம அழுத ஹியூஸ். நல்லவங்க எண்டு நமக்குக் காட்டிட்டு மறுகாதான் இவங்கட கைல என்ன இருக்கெண்டு காட்டுறா. ஹோக்கை ஒரு சின்னக் குழிய மூடிட்டு மண்ணுக்குப் பக்கத்துல இருப்பா. நான் இதப் பாத்த நேரம் அம்மம்மா பக்கத்துல பாயில இருந்தவ, அவக்கு ஜப்பான் பாசையும் விளங்காது கீழ ஓடுற இங்கிலீசும் விளங்காது, படத்த மட்டும் பாத்திட்டு "அது ஆர்ர புள்ள மனே?" எண்டு கேட்டா. நான் சண்டைல செத்த பிள்ள எண்டன். அவ ஒண்டும் கதைக்கல்ல, எழும்பியும் போகல்ல, கடைசி மட்டும் இருந்து பாத்தா.

ஸ்கார் எண்டுற இஷ்வால்காரன் அல்கெமிஸ்டுகள ஒவ்வொண்டாக் கொண்டுகிட்டு வாறான், அவன்ட கோவம் நியாயம், ஆனா அவன் கொண்டதுல எட்வர்ட்ட சின்ன வயசுக் கூட்டாளி வின்றிட அம்மா அப்பாவும் அடக்கம், இஷ்வால் ஆக்களுக்கு மருந்து கட்டின டொக்டர்மார் அவங்க ரெண்டு பேரும். பிறகு ஒரு இடத்துல காயப்பட்ட ஸ்கார்ட கையில வின்றி துணி சுத்திக் கட்டுவா. மன்னிச்சிட்டன் எண்டு சொல்லல்ல, மன்னிக்க ஏலாததுக்கு மன்னிப்பில்ல எண்டுதான் சொல்றா, ஆனா அம்மா அப்பா இருந்தா காயத்துக்குக் கட்டியிருப்பாங்க எண்டு கட்டுறா. எனக்கு இந்த ஒரு காட்சி பத்து சண்டைக் காட்சிக்கு மேல. மாறி மாறிப் பழி எடுத்தா ஊர்ல என்ன மிஞ்சும் எண்டு நம்மட பக்கத்துப் பெரியாக்கள் எல்லாருக்கும் தெரியும், தமிழ் ஊரா இருந்தாலும் முஸ்லிம் ஊரா இருந்தாலும். 54ம் எபிசோட்ல மஸ்டாங், ஹியூஸக் கொண்ட என்விய எரிச்சு எரிச்சு சாகடிக்கப் போற நேரம் அவனத் தடுக்கிறவங்கள்ல ஸ்காரும் ஒராள், பழி வாங்காத எண்டு சொல்ல எனக்கு உரிமை இல்ல, ஆனா இப்பிடி ஒராள் நாட்ட ஆண்டா நாடு எப்பிடி இருக்கும் எண்டு கேக்கிறான். கேட்டவன் ஆர், கேட்கப்பட்டவன் ஆர் எண்டு யோசிச்சுப் பாருங்க.

ஹண்டர் பழிட விலைய நல்லாக் காட்டுது, அதுல சந்தேகமே இல்ல. பழிக்கு அடுத்த நாள் காலம்பற என்ன செய்றது எண்டுறத ஃபுல்மெட்டல்தான் காட்டுது. ஸ்காரும் இஷ்வால் ரத்தம் உள்ள மேஜர் மைல்சும் ஊரத் திருப்பிக் கட்டப் போறாங்க.

அதுக்காகக் குறையில்ல எண்டு சொல்ல வரல்ல, இஷ்வால் விசயத்துலயே எனக்குப் பெரிய குறை ஒண்டு இருக்கு. இந்த நாடு திருந்தினா நாங்க யுத்தக் குற்றவாளியா நிக்க வேண்டி வரும் எண்டு ஹோக்கை எட்வர்ட்டிட்ட சொல்லுவா, அந்த வசனத்தக் கேட்டு நான் நிமிர்ந்து இருந்தன், ஆனா அந்த நாள கதை காட்டவே இல்ல. இஷ்வால் ஆக்கள்ட உசிர்ல செஞ்ச மந்திரக் கல்லாலதான் கண் தெரியாமப் போன மஸ்டாங்குக்குப் பார்வை திரும்புது, அதுக்குப் பதிலா இஷ்வாலக் கட்டி எழுப்பணும் எண்டு டொக்டர் மார்கோ கேக்கிறார், சரி, ஆனா செத்த ஆக்கள்ட்ட ஆர் கேட்டது? எல்லாத்துக்கும் விலை கேக்கிற கதை இந்த இடத்துல மட்டும் கொஞ்சம் கை இளகிட்டு. விசாரணை எண்டா என்ன எண்டு இன்னும் காத்துக்கிட்டு இருக்கிற ஆக்கள் வாழுற ஊர்ல இருந்து பாத்தா இது உறுத்தும்.

மற்றக் குறை, தொடக்கம் சரியான அவசரம். 2003ல வந்த முதல் அனிமே அந்தப் பகுதியக் காட்டிட்டு எண்டு இதுல ஓட்டமா ஓட்டுறாங்க, நீனா எண்டுற சின்னப் பிள்ளைட கதை நாலாம் எபிசோட்லயே முடியும், ஹியூஸ் பத்தாவதுல சாவான். பழசுல அந்த ரெண்டு பேரோடயும் கூட நேரம் இருந்து பழகினதால வலி கூட. பாரமான காட்சிக்கு நடுவுல முகத்தக் கோணி வரைஞ்சு பகிடி விடுறதும் சில இடத்துல பொருந்தல்ல.

ஹண்டர்ல எறும்புப் பகுதி தொடங்கி ஓட்டம் பிடிக்கக் கனநேரம் எடுக்கும், அரண்மனைக்குள்ள பூந்த பிறகு கதைல சில நிமிசம்தான் போகும், நமக்கு எபிசோட் எபிசோடா இழுபடும், விளக்கம் சொல்ற குரல் நிக்கவே நிக்காது. மச்சானுக்கு அதுதான் விருப்பம், எனக்கு சில இடத்துல அந்தக் குரல் வாய மூடினா நல்லம் எண்டு பட்டுது.

பொம்புளப் பாத்திரம் எண்டு வந்தா போட்டியே இல்ல. ஹோக்கை, இசுமி, ஒலிவியர் ஆம்ஸ்ட்ரோங், எதிரிய ஏமாத்தத் தன்ட கையையே வெட்டிற லான் ஃபான், ஒவ்வொருத்திக்கும் வேலையும் முடிவும் இருக்கு. ஹண்டர்ல கொமுகியும் பிஸ்கேயும் நல்ல பாத்திரம், மிச்சத்துக்கு யோசிக்கணும்.

பாக்கப் போறாக்களுக்கு: பிரதர்ஹுட் முழுக்கப் பாக்க 26 மணித்தியாலம் மட்டில வரும், ஹண்டர் 55 மணித்தியாலத்துக்கு மேல, டேட்டா பாத்துக்கங்க. ஏ எல் எழுதிட்டு ரிசல்ட் வரும் மட்டும் வீட்ட இருக்கிற ஆக்கள் ரெண்டையும் பாக்கலாம், பிரதர்ஹுட்ட முதல் பாருங்க, முதல் பதின்மூண்டு எபிசோட்ட மட்டும் வெச்சு எடை போட வேணாம். ஹண்டர யோர்க்நியூ முடியிற 58 மட்டும் பாத்திட்டுத்தான் தொடர்றதா விடுறதா எண்டு யோசிக்கணும், தொடக்கத்துல வாற பரீட்சைப் பகுதியப் பாத்து சின்னப் பிள்ளைட கார்ட்டூன் எண்டு விட்டவங்கள் கனபேர் இருக்காங்க. தம்பி தங்கச்சி சின்ன ஆக்களா இருந்தா நீனாட எபிசோட்டும் எறும்புப் பகுதிட தொடக்கமும் அவங்க இல்லாத நேரம் பாருங்க, ரெண்டுலயும் பிள்ளைகள் பயப்படுற காட்சி இருக்கு.