பலசரக்குக் கடைக்குக் கமரா: வன்னியில் சில வருடப் பாவனைக்குப் பிறகு

பரந்தன் முல்லைத்தீவு வீதியோரம் எங்களுக்கு ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. 2021 கடைசியில் அதற்கு நாலு கமரா பூட்டினோம். இன்றுவரை ஓடுகின்றன. தருமபுரம், விசுவமடுப் பக்கம் புதிதாகக் கடை போடும் பிள்ளைகள் வந்து, "அக்கா, கமரா போட்டா களவு நிக்குமோ?" என்று கேட்கிறார்கள். நிற்காது, குறையும். அதிலும் கமராவால் குறைந்ததைவிட, சாமானை இடம் மாற்றி வைத்ததாலும் உள்ளே வருகிறவரை நிமிர்ந்து பார்த்துக் கதைத்ததாலும் குறைந்ததுதான் கூட. ஆனாலும் கமராவைக் கழற்றச் சொன்னால் கழற்ற மாட்டேன். அதற்குக் காரணம் வேறு.

முதலில் கணக்கு. சின்னக் கடைக்குக் களவு எவ்வளவு வலிக்கும் என்பது வெளியில் இருப்பவர்களுக்குப் புரிவதில்லை, "ஒரு பால்மாப் பை தானே" என்பார்கள். 400 கிராம் பால்மா 2022 தொடக்கத்தில் 540 ரூபாய், மார்ச்சில் 790 ஆனது. அந்த 790இல் கடைக்கு 40 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பை போனால் போட்ட முதல் 750 ரூபாய் போய்விட்டது. அதை ஈடுகட்ட இன்னும் பத்தொன்பது பை விற்க வேண்டும். சவர்க்காரம், பருப்பு, சீனி எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ இதே கதைதான்.

இனிக் கமரா. பூட்ட வந்த தம்பி நாலையும் கூரை மூலைகளில் வைக்கப் பார்த்தார். எல்லா இடத்திலும் அப்படித்தான் பூட்டுவார்களாம். மேலே வைத்தால் கடை முழுதும் தெரியும், உண்மைதான். ஆனால் மனிதர் தெரிய மாட்டார், தலைமயிரும் தொப்பியும்தான் தெரியும். ஒன்றையாவது வாசலுக்கு நேரே, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே வைக்கச் சொல்லி நின்று வைப்பித்தேன். உள்ளே வருகிறவரின் முகம் பதிவது அந்த ஒன்றில் மட்டுமே. எங்கள் வாசல் கிழக்கு முகம் என்பதால் காலை வெயில் நேரே அடிக்கும், வருகிறவர் முகம் கறுப்பாக விழும். கமராவுக்குள் வெளிச்சத்தைச் சமப்படுத்தும் அமைப்பு ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஒரு தட்டி இறக்கிய பிறகுதான் முகம் தெளிந்தது. வாங்கும்போதே அந்த அமைப்பு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். ஓடு, தகரக் கூரைக் கடைகளுக்குள் உட்புறம் இருட்டு, வெளியே கண்கூசும் வெயில். இங்கே அது இல்லாத கமரா பகலில் அரைக் குருடு.

மற்றது மின்சாரம். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுதும் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கடையில் இருந்த சின்ன யூபிஎஸ் ஒரு மணித்தியாலம் தாக்குப்பிடித்தால் பெரிது. களவு அதிகம் போனதும் அந்த இருட்டு நேரங்களில்தான். எங்கள் கமராக்களும் அவற்றின் படத்தைச் சேமிக்கும் பதிவுப் பெட்டியும் 12 வோல்ட்டில் ஓடுபவை. வயரிங் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஒரு வாகனப் பட்டறியில் இணைத்தோம், பிறகு கவலையில்லை. உங்களுடைய பெட்டியும் 12 வோல்ட்டா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், சில பெரிய பெட்டிகள் அப்படியல்ல.

எத்தனை நாள் பதிவு நிற்கும் என்று விற்கிறவர் வாயால் சொல்வதை நம்பாமல் நீங்களே கணக்குப் பாருங்கள். ஒரு கமரா செக்கனுக்கு 2 மெகாபிட் வீதம் பதிந்தால் நாளுக்கு 21 ஜிபிக்கு மேல் வரும். நாலுக்கும் சேர்த்து 86 ஜிபி. 1 டெராபைட் வன்தட்டு பதினொரு நாளில் நிரம்பி, பழையதன் மேல் புதியது எழுதத் தொடங்கிவிடும். மாதக் கடைசியில் ஸ்டொக் எடுத்து, குறைகிறது என்று கண்டு, திரும்பிப் பார்க்கப் போனால் பதிவு இராது. அதனால் விலை கூடிய சாமான்களை மட்டும் கிழமைக்கு ஒருமுறை எண்ணுகிறேன், ஞாயிறு இரவில். எண்ணாத கடைக்குக் கமரா இருந்தும் பயனில்லை. எந்த நாளைப் பார்ப்பதென்றே தெரியாது.

சிலந்தி வலை, புழுதி, ஐப்பசி இடி மூன்றும் கமராவின் பகை. இரவில் வலை ஆடினால் அதையும் அசைவு என்று பதியும். இடி முழங்கத் தொடங்கினால் பதிவுப் பெட்டியின் எல்லா வயரையும் கழற்றிவிடுகிறோம். பெட்டிக்குள் இருக்கும் பொத்தான் பட்டறி செத்தால் நேரமும் திகதியும் பிழைத்துவிடும். பொலிஸுக்குப் பதிவு கொடுக்க நேர்ந்தால் அது பெரிய சிக்கல், அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

இடம் மாற்றிய கதைக்கு வருகிறேன். அந்தக் காலத்துக் கடைகளில் ஆட்கள் வெளியே நின்று கேட்பார்கள், முதலாளி உள்ளே நின்று நிறுத்துக் கடதாசிச் சுருளில் கட்டிக் கொடுப்பார். யாரும் றாக்கையைத் தொடுவதில்லை. போர் முடிந்து மீள்குடியேறிய பிறகு வந்த கடைகளில், கிளிநொச்சி நகரத்து சுப்பர் மார்க்கெட் பழக்கத்தில், ஆட்கள் தாங்களே எடுக்க விரும்புகிறார்கள். எடுக்க விட்டால் வியாபாரமும் கூடும், அதை மறுக்க மாட்டேன். அதனால் இரண்டையும் கலந்தோம். பால்மா, சவர அலகு, டோர்ச் பட்டறி, தலைச்சாயம், முகக் கிரீம் இவை காசு மேசைக்குப் பின்னால். கையில் அடங்கும், விலை கூடியது, எங்கே கொண்டுபோனாலும் விற்கலாம் என்ற மூன்றும் சேர்ந்த சாமான் எல்லாம் என் கைக்கெட்டும் இடத்தில்தான். அரிசி, மா, சோடா, தும்புத்தடி அவரவர் எடுக்கலாம். றாக்கைகளை நெஞ்சளவுக்கு மேல் உயர்த்துவதில்லை. பின் மூலையில் ஒரு குவிகண்ணாடி மாட்டினோம். ஒரு கமராவின் விலையில் சிறு பங்குதான் அது, ஆனால் கமரா நாளைக்குக் காட்டுவதை அது இப்போதே காட்டுகிறது. கையில் காசு குறைவென்றால் கண்ணாடியை முதலில் வாங்குங்கள்.

"வாங்கோ, என்ன வேணும்?" என்று ஒவ்வொருவரையும் கேட்பது வேலைக்கு நிற்கும் பிள்ளைகளுக்கு நான் போட்ட முதல் சட்டம். வாடிக்கையாளருக்கு அது மரியாதை. எடுக்க நினைத்து வந்தவருக்கோ தன்னை ஒருவர் கண்டுவிட்டார் என்ற செய்தி. இரண்டு பேருக்கும் ஒரே சொல் போதும்.

2022இல் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இந்தப் பகிர்வு முழுமையாகாது. அந்தச் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். கூலி வேலைக்குப் போகும் குடும்பங்கள் அரைக்கிலோ அரிசி கேட்ட காலம் அது. பால்மாவை மேசைக்குப் பின்னால் மாற்றுவதற்கு முன் ஒருநாள் ஒரு பை குறைந்தது. பதிவைப் பார்த்தேன். தெரிந்த பிள்ளை, கைக்குழந்தைக்காரி. கடையில் கடனுக்குக் கொடுத்து எழுதிவைக்கும் கொப்பிக் கணக்கும் உண்டு. வெட்கத்தில் கேட்காமல் எடுத்திருக்கிறாள் என்று தெரிந்தது. அடுத்த முறை வந்தபோது கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து, "தங்கச்சி, அண்டைக்கு எடுத்த பால்மாவைக் கொப்பியில எழுதாமல் விட்டுப்போச்சு. எழுதிவிடட்டே?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஓம் அக்கா, எழுதுங்கோ" என்றாள். அறுவடை முடிந்ததும் கொண்டுவந்து கட்டினாள். இன்றும் எங்கள் கடைதான் அவளுக்கு. அன்று கமராப் படத்தைக் காட்டியிருந்தால் பையின் காசு வந்திருக்கலாம், அந்தக் குடும்பம் வந்திராது. தெரிந்தவர், முதல் தடவை, வயிற்றுக்கானது என்றால் கொப்பியில் எழுதும் வழியையே எல்லோருக்கும் சொல்கிறேன். இரண்டாம் தடவையும் செய்தால் தனியே கூப்பிட்டு நேரே சொல்லிவிட வேண்டும், மழுப்பக்கூடாது.

வெளியூர்க் கூட்டம் வேறு. மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் 5000 ரூபாய்த் தாளை நீட்டிச் சின்னச் சாமான் ஒன்று கேட்பார், மற்றவர் பின் றாக்கையில் எதையோ எடுத்துத் தரச் சொல்லுவார். மிச்சக் காசை எண்ணும்போது முதலாமவர், "வேண்டாம், அந்தத் தாளைத் தாங்கோ, சில்லறையாத் தாறன்" என்று குழப்புவார். முடிவில் தாளும் போயிருக்கும், மிச்சமும் போயிருக்கும். இதற்கு மருந்து எளிது. வாங்கிய தாளை மிச்சம் கொடுத்து முடியும்வரை லாச்சிக்குள் போடாமல் மேசையில் பாரம் வைத்து விடுவது, ஒரு கணக்கு முடியாமல் அடுத்ததைத் தொடாதது. புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கல், வற்றாப்பளைப் பொங்கல் நாட்களில் வீதியில் சனம் நிறையும், அந்த நாட்களில் காசு மேசைக்கு ஒருவர், றாக்கைப் பக்கத்துக்கு ஒருவர் என்று கட்டாயம் இரண்டு பேர் நிற்கிறோம்.

கமராவைக் கழற்ற மாட்டேன் என்றதற்குக் காரணம் இதுதான். நெல் விற்றுவிட்டு வந்த ஒரு வயதான ஐயா, தான் தந்தது ஐயாயிரம் என்றார். கடையில் நின்ற பிள்ளை ஆயிரம் என்றாள். இரண்டு பேருமே பொய் சொல்கிறவர்கள் இல்லை. மேசைக்கு மேலே உள்ள கமராவை ஓடவிட்டுப் பார்த்தால் ஐயா நீட்டியது ஐயாயிரம்தான். அவசரத்தில் பிள்ளை அதை வேறு தாள்களுக்கு அடியில் செருகியிருந்தாள். ஐயாவிடம் அவளும் நானும் மன்னிப்புக் கேட்டு மிச்சத்தைக் கொடுத்தோம். கமரா இல்லாவிட்டால் ஊர் முழுதும் ஒன்று ஐயாவைப் பொய்யன் என்றிருக்கும், இல்லை அந்தப் பிள்ளையைக் கள்ளி என்றிருக்கும். வேலைக்கு நிற்பது பெரும்பாலும் ஏழைப் பிள்ளைகள். காசு குறைந்தால் முதல் பழி அவர்கள் மேல்தான் விழும். அந்தப் பழியிலிருந்து அவர்களைக் காப்பாற்றியதற்காகவே இந்தக் கமராவுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

சாமான் இறக்கும் பின்புறத்துக் கமராவும் அப்படித்தான். களவு என்று நினைத்த சில குறைவுகள், கொம்பனி வாகனத்தில் இருந்து இறக்கும்போதே வராமல் விட்ட பெட்டிகள். பதிவைக் காட்டினோம், அடுத்த தடவை கழித்துத் தந்தார்கள்.

பிடித்துவிட்டால் என்ன செய்வது? கட்டி வைப்பது, அடிப்பது, பையைப் பிடுங்கிச் சோதிப்பது எதுவும் வேண்டாம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, தன் கண்முன் களவு செய்தவரைச் சாதாரண ஆளும் பிடிக்க இடம் தருகிறது. ஆனால் வீண் தாமதமின்றிப் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும். களவுக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 367ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறை உண்டு, அதை விதிப்பது நீதிமன்றம். நாங்கள் அடித்தால் அடித்தது தனிக் குற்றம், முறைப்பாடு எங்கள் மேல் திரும்பும். 119க்கு அழைத்துவிட்டு, இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு, ஆளை இருத்தித் தண்ணீர் கொடுங்கள். பொலிஸில் முறைப்பாட்டைத் தமிழில் பதியச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வாசித்துக் காட்டிய பிறகே கையொப்பம் வையுங்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் இனிப்பும் பேனையும் எடுப்பார்கள். தண்டனைச் சட்டக்கோவையில் 2018இல் செய்த திருத்தத்தின்படி 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்வதைச் சட்டமே குற்றமாக எடுப்பதில்லை. பாடசாலைக்குப் போய் எல்லோர் முன்னிலும் முறையிடாதீர்கள். தாயையோ அம்மம்மாவையோ தனியே கூப்பிட்டுச் சொன்னால் போதும். பள்ளி விடும் நேரம் இனிப்புப் போத்தல்களை நான் மேசைக்கு எடுத்துவிடுகிறேன்.

பதிவை முகநூலில் போடும் வழக்கம் இப்போது பெருகிவிட்டது. செய்யாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். மங்கலான படத்தில் எல்லோரும் எல்லோரையும் போலத்தான் இருப்பார்கள். ஒரு பெண் பிள்ளையின் முகம் தவறாக ஒருமுறை சுற்றிவிட்டால் இந்தச் சின்ன ஊர்களில் அதைத் துடைக்க வழியில்லை. அதேபோல, கடையும் வீடும் ஒன்றாக இருப்பவர்கள் கமராவைக் கிணற்றடிக்கோ பக்கத்து வீட்டுப் படலைக்கோ திருப்பக்கூடாது. பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். எங்கள் கடையைச் சுவிஸில் இருக்கும் தம்பியும் தொலைபேசியில் பார்ப்பான். அவன் பார்க்கலாம் என்றால், கடவுச்சொல் தெரிந்த எவரும் பார்க்கலாம்.

கடைசியாக, பொம்மைக் கமரா வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். காசு மிச்சம்தான். ஆனால் வயர் இல்லாததை இங்குள்ள பொடியங்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அந்த ஐயாவின் ஐயாயிரம் போன்ற ஒரு தகராறு வரும் நாளில் அது எதையும் காட்டாது. அந்தக் காசுக்கு ஒரு குவிகண்ணாடியும் ஒரு நல்ல மின்குமிழும் வாங்கிப் பின் மூலையில் போடுங்கள்.