சோதித்த காளையா, ஜீனோமிக் இளங்காளையா?

கறவை மந்தையின் இனவிருத்திப் பொறுப்பை ஏற்பவர் முதலில் எடுக்க வேண்டிய பெரிய முடிவு இது: மகள்களின் கறவைப் பதிவு கையில் உள்ள சோதித்த காளையின் விந்துக் குச்சிகளை (உறைய வைத்த விந்து அடைத்த மெல்லிய குழாய்கள்) வாங்குவதா, காளையின் டி.என்.ஏ.வைப் படித்துத் தரம் கணிக்கும் மரபணு சிப் (ஜீனோமிக்) மதிப்பீட்டை மட்டும் நம்பி இளங்காளைகளை எடுப்பதா? ஹோல்ஸ்டீன் என்ற கறவை இன மந்தைக்கு நாங்கள் தேர்ந்தது இளங்காளைகளைத்தான். அதுவும் ஒன்றை நம்பி இறங்காமல், ஐந்தாக.

சோதித்த காளையின் பலம் எல்லோரும் அறிந்ததே. நூற்றுக்கணக்கான மகள்கள் பல பண்ணைகளில் கறந்துவிட்டால் நம்பகத்தன்மை, அதாவது கணித்த மரபுத் தரம் உண்மைத் தரத்தோடு எவ்வளவு ஒத்துப்போகும் என்ற அளவு, 90 விழுக்காட்டைத் தாண்டிவிடும். ஆனால் காலம் போய்விடுகிறது. ஒரு வயதில் விந்து எடுத்தாலும் சினைக்காலம் ஒன்பது மாதம், பிறந்த கிடேரியின் முதல் ஈற்றுக்கு இரண்டு ஆண்டு, அப்புறம் 305 நாள் கறவை. பதிவு முழுதாகக் கைக்கு வரும்போது காளைக்கு ஐந்து வயது நெருங்கியிருக்கும். அதற்குள் அதைவிட மேலான இளசுகள் வந்துவிடும்.

அமெரிக்காவில் 2009 ஜனவரியில் ஹோல்ஸ்டீன் இனத்துக்கு ஜீனோமிக் மதிப்பீடு அதிகாரபூர்வமானது. பெற்றோர் சராசரியை மட்டும் வைத்து 35 விழுக்காடு அளவில் நின்ற நம்பகத்தன்மை, பால் குணங்களில் 70-ஐ ஒட்டி உயர்ந்தது.

எழுபதை நம்பலாமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒன்றிலிருந்து நம்பகத்தன்மையை (95 விழுக்காடு என்றால் 0.95) கழித்து வர்க்கமூலம் எடுங்கள். மரபுத் திட்டவிலக்கத்தில், அதாவது காளைக்குக் காளை மரபுத் தரம் வேறுபடும் அளவை ஒன்று என வைத்தால், எஞ்சும் பிழை அதுதான். 95 விழுக்காட்டுக் காளைக்கு 0.22. 70 விழுக்காட்டு இளங்காளைக்கு 0.55. ஒரே இளங்காளையின் குச்சிகளை மந்தை முழுவதற்கும் போட்டால் அந்த 0.55 முழுவதும் உங்கள் தலையில். ஐந்து காளைகளுக்குச் சமமாகப் பிரித்துப் போட்டால், 0.55-ஐ ஐந்தின் வர்க்கமூலத்தால் வகுத்து 0.25. சோதித்த ஒற்றைக் காளைக்குக் கிட்டத்தட்ட அதே பாதுகாப்பு, அதுவும் அடுத்த தலைமுறை மரபோடு.

இந்தக் கணக்கு கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: ஐந்தில் மூன்று காளைகள் ஒரே தகப்பனின் மகன்களாக இருக்கும்போது. அப்போது பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டாமல் ஒரே பக்கம் சாயும். அதனால் ஒரு தகப்பனுக்கு ஒரு மகன், ஒரு காளைக்கு மொத்தச் சினை ஊசியில் ஐந்தில் ஒரு பங்கு என்று எழுதி வைத்துவிடுங்கள். அடுத்த மதிப்பீட்டில் சரிந்த காளையை நிறுத்த வேண்டும். ஆகவே நாலைந்து மாதத் தேவைக்கு மேல் குச்சி இருப்பு வைக்காதீர்கள். பட்டியலின் உச்சியில் இருக்கும் இளங்காளை, மகள்கள் கறக்கத் தொடங்கியதும் கொஞ்சம் இறங்குவது வழக்கம்.

மகள்களின் பதிவு எல்லாவற்றையும் காட்டிவிடும் என்றும் எண்ண வேண்டாம். 1962-இல் பிறந்த பானி ஃபார்ம் அர்லிண்டா சீஃப் 16,000 மகள்களைக் கொண்ட புகழ்பெற்ற காளை. அதன் வழியே பரவிய ஒரு மரபணுக் குறை, தாய்வழியிலும் தந்தைவழியிலும் சேர்ந்து வந்தால் கருவையே அழித்துவிடும். பிறக்காத கன்று எந்தப் பதிவேட்டிலும் ஏறாதே! அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது சிப் தரவுதான்.

கிடேரிகளுக்கு ஊசி போடும்போது மட்டும் நாங்கள் சோதித்த காளையின் பக்கம் சாய்வோம். முதல் ஈற்றில் கன்று பெரிதாகிச் சிக்கினால் தாயும் போகலாம். அங்கே கன்று ஈனும் எளிமை பல ஈற்றுகளில் பதிவாகியிருக்க வேண்டும்.

இளங்காளைகளால் தலைமுறை வேகமாகச் சுழல்வதால் இரத்த உறவும் வேகமாக ஏறுகிறது. குச்சி போடுமுன் பசுவின் தந்தை, தாய்வழித் தாத்தா பெயர்களை ஒப்பிட்டு, பிறக்கும் கன்றின் உள்ளினச்சேர்க்கை 6.25 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்ப்பது நல்லது.

கலப்பின மந்தைக்கோ, சிப் மதிப்பீட்டுக்கு அடிப்படையான ஒப்பீட்டுத் தரவு குறைந்த சிறு இனங்களுக்கோ இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நம்பகத்தன்மை 40 விழுக்காடாக இருந்தால் பிழை 0.77. ஐந்தாகப் பிரித்தாலும் 0.35 அளவில்தான் நிற்கும். அங்கே மகள்களைக் கறந்து பார்த்த காளை கிடைத்தால் அதையே எடுங்கள்.