செயின்ட் பால் ஹ்மாங்டவுன் சந்தை: துணியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், செயின்ட் பால் நகரில், பழைய மரக்கிடங்கு வளாகத்தில் 2004-இல் தொடங்கிய சந்தை இது. 1975-க்குப் பின் லாவோஸை விட்டு மெகாங் ஆற்றைக் கடந்து, தாய்லாந்து அகதி முகாம்கள் வழியே வந்த ஹ்மாங் மக்களின் பண்பாடு இங்கே அன்றாட வியாபாரமாகவே புழங்குகிறது. அதுதான் இதன் பெருமை.

நேராகத் துணிக்கடைகளுக்குப் போங்கள். 'பா ந்தாவ்' என்னும் ஹ்மாங் கைத்தையலில் மேல்துணியை வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்து, அடித்துணி தெரியும்படி தைப்பார்கள். நத்தைச் சுருள் கோலத்தின் மேல் விரலை ஓட்டினால் ஓரம் மேடாகத் தட்டுப்பட வேண்டும். பின்பக்கம் பொடித் தையல் தெரிய வேண்டும். வழவழவென்று இருந்தால் அச்சுத்துணி. புத்தாண்டு விழாவில் ஆடும் பிள்ளைகளுக்கு அதுவே போதும், ஆனால் கைவேலை விலை கொடுக்காதீர்கள்.

கொசுவப் பாவாடையை வாஷிங் மெஷினில் போட்டால் மடிப்பு கலைந்துவிடும், திரும்பப் பிடிப்பது பெரும்பாடு. மடிப்புகளைச் சேர்த்து, உருளையாக நூலால் கட்டி வையுங்கள். உடையில் தொங்கும் அலங்காரக் காசுகளை மெல்ல இழுத்துப் பாருங்கள்: பசையில் ஒட்டியவை ஆட்டத்திலேயே உதிரும், நூலில் கோத்துத் தைத்தவை நிற்கும்.

பிள்ளை பெற்றவர்கள் ஒரு மாதம் சாப்பிடும் கோழிச் சாறுக்கான மூலிகைகளைத் தேடுபவர்கள், எதற்கு என்று சொல்லியே கேளுங்கள். பப்பாளி சாலட்டுக்குக் காரத்தின் அளவை, உரலில் இடிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். சிறு கடைகளுக்குச் சில்லறை நோட்டுகள் கையில் இருக்கட்டும்.