மஞ்சள் லேபில் ரோபஸ்ட்னஸ் சோதனை: ஒவ்வொன்றாகவா, எல்லாம் சேர்த்தா?

ஈரோட்டு மஞ்சளை ஓலியோரெசின் (மஞ்சளின் அடர் சாறு) எடுக்க வாங்குபவர் முதலில் கேட்பது, மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் எத்தனை சதவீதம் என்றுதான். விரலியோ கிழங்கோ, எச்பிஎல்சி (கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) தரும் எண்ணை நம்பித்தான் பேச்சு. மொபைல் ஃபேஸ் (கருவிக்குள் ஓடும் கரைப்பான் கலவை) கலக்கும்போது கை கொஞ்சம் முன்னே பின்னே போனாலும், சித்திரை வெயிலில் அறை சூடேறினாலும் அந்த எண் ஆடக்கூடாது. இதைத்தான் ரோபஸ்ட்னஸ் சோதனையில் பார்க்கிறோம்.

பெரும்பாலானோர் கையாளும் வழி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. மொபைல் ஃபேஸில் உள்ள கரைப்பானான அசிட்டோநைட்ரைலை 2 சதவீதம் கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று, அப்புறம் ஓவன் சூடு, அப்புறம் அலைநீளம். இப்படி மாற்றிப் பார்க்கும் 7 காரணிக்கு, வழக்கமான நிலையையும் சேர்த்து 15 ஓட்டம் (சோதனைச் சுற்று). ஆடிட்டருக்கு உடனே புரியும். ஆனால் ஒற்றை ஓட்டத்தை ஒற்றை ஓட்டத்தோடு ஒப்பிட்டால், கிடைத்த வித்தியாசம் காரணியால் வந்ததா, இன்ஜெக்ஷனில் வந்த தற்செயல் பிழையா என்று எப்படிச் சொல்வது?

1946இல் பிளாக்கெட்டும் பர்மனும் தந்த வடிவமைப்பில் அதே 7 காரணிக்கு 8 ஓட்டம் போதும். ஒவ்வொரு காரணியும் நான்கில் மேல்நிலை, நான்கில் கீழ்நிலை. நான்கின் சராசரியை நான்கின் சராசரியோடு ஒப்பிடுவதால் பிழை அமுங்கும். குறையும் உண்டு: இரண்டு காரணிகள் கூட்டுச் சேர்ந்து செய்யும் வேலை மூன்றாவதன் பெயரில் பதிவாகிவிடும். சந்தேகம் வந்தால் அந்த மூன்றை மட்டும் எடுத்து முழு ஃபேக்டோரியல் (மேல், கீழ் நிலைகளின் எல்லாச் சேர்க்கையும்) போடலாம். அதுவும் 8 ஓட்டம்தான். ஏழுக்கும் முழுசாகப் போட்டால் 128, சின்ன லேப் தாங்காது.

என் ஓட்டு பிளாக்கெட்-பர்மனுக்கே. முக்கியக் காரணம், ஓட்டம் மிச்சமாவதால் தூளிலிருந்து குர்குமினைப் பிரித்தெடுக்கும் படியையும் உள்ளே கொண்டுவரலாம். கருவியின் பட்டன்களை மட்டும் திருகிவிட்டு 'மெத்தட் உறுதி' என்று எழுதுவது பாதி வேலைங்க. மாற்றிய நிலையிலேயே ஸ்டாண்டர்டையும் (அளவு தெரிந்த குர்குமின்) ஓட்டினால், ஃப்ளோ (மொபைல் ஃபேஸ் ஓடும் வேகம்) மாற்றத்தின் பாதிப்பு இரண்டிலும் பெரும்பாலும் ஒத்துப்போய்ச் சதவீதத்தில் தெரியாது. தூளின் நைசு, குலுக்கும் நேரம், கரைப்பானின் அளவு ஆகியவை சாம்பிளை மட்டும் தொடுவதால் சதவீதத்தில் அப்படியே தெரியும்.

கருவி சார்ந்த காரணிகளுக்குச் சதவீதத்தோடு ரெசல்யூஷனையும் (பீக்குகள் எவ்வளவு பிரிந்து நிற்கின்றன என்பது) குறித்து வையுங்கள். சி18 என்ற பிரிப்புக் குழாயில் பிஸ்டீமெத்தாக்ஸிகுர்குமின் முதலில், டீமெத்தாக்ஸிகுர்குமின் அடுத்து, குர்குமின் கடைசியில் என மஞ்சளின் மூன்று நிறப்பொருள்களின் பீக்கும் (வரைபட முகடு) பக்கம் பக்கமாக வரும். அசிட்டோநைட்ரைல் கூடினால் மூன்றும் நெருங்கும்; ஒட்டிக்கொண்டால் எண்ணும் கெட்டது.

வரிசையைக் குலுக்கிப் போடுவதே முறை. சி18ஐ மாற்றுவது மட்டும் விதிவிலக்கு: ஓட்டத்துக்கு ஓட்டம் கழற்றி மாட்ட வேண்டாம், ஒரு குழாய்க்குரிய நான்கு ஓட்டத்தையும் முடித்துவிட்டு மாற்றுங்கள்.