எட்டு மணிக்குக் கீழே ஒரு தொல்லை: என் ஹெட்போன் ஆம்ப்

"எச்டி 650 வாங்கிட்டேன்டா. நீ வெச்சிருக்கிற ஆம்ப் இப்ப விலை இறங்கியிருக்கு. வாங்கலாமா?" என்று நண்பன் கேட்டான். 'வாங்கு' என்றும் சொல்ல வரவில்லை, 'வேண்டாம்' என்றும் சொல்ல வரவில்லை. சில வருடங்களாக அதே சென்ஹைசர் எச்டி 650 ஹெட்போனை இந்த ஆம்ப்பில்தான் கேட்டு வருகிறேன். ஆம்ப் என்பது ஹெட்போனுக்குப் போகிற ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டி. இதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் திட்டப்போகிற குறை, இதே விலையில் கிடைக்கிற பல பெட்டிகளில் இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துவிடும். பாட்டு எதுவும் ஓடாதபோது வால்யூமை முழுக்கத் திருப்பி வைத்தாலும் காதில் ஒரு இரைச்சல் கிடையாது. என் லேப்டாப் சார்ஜர் எர்த் இல்லாத இரண்டு பின் வகை. முன்பு இருந்த ஆம்ப் அதனோடு சேர்ந்து எப்போதும் 'ம்ம்ம்' என்று முனகும். இதில் அந்த முனகல் இல்லை. அப்புறம், கரண்ட் போய் வரும்போது நடப்பது எனக்கு இன்றும் பிடிக்கும். கரண்ட் வந்து சில நொடிகள் அமைதியாக இருக்கும். உள்ளே ரிலே (மின்சாரத்தால் இயங்குகிற சுவிட்ச்) 'டிக்' என்று விழும், அதன் பிறகுதான் ஒலி வரும். பழைய ஆம்ப் ஒவ்வொரு முறையும் 'டொம்' என்று ஹெட்போனுக்குள் ஓர் அடி அடிக்கும். எங்கள் தெருவில் கரண்ட் போய் வருகிற அழகுக்கு, இந்த ரிலே ஒன்றுக்காகவே காசு கொடுக்கலாம்.

சரி, இப்போது தொல்லைக்கு வருவோம்.

நான் பாட்டு கேட்பது பெரும்பாலும் இரவில், மெதுவான சத்தத்தில். வால்யூம் குமிழைக் கடிகாரமாக நினைத்து, அது ஏழு மணியில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டிய சத்தம் எட்டு மணிக்கு முன்பே வந்துவிடும். அந்த இடத்தில் இடது காதில் சத்தம் கூடுதல், வலது காதில் குறைவு. அறுபதுகளின் திரைப்பாடல்கள் மோனோவில் பதிவானவை. இரண்டு பக்கமும் ஒரே ஒலி என்பதால், குரல் நெற்றிக்கு நேராக நிற்க வேண்டும். இதில் சுசீலா என் இடது புருவத்துக்கு மேலே நின்று பாடுகிறார். குமிழை இன்னும் கொஞ்சம் குறைத்தால் இடது காதுக்கே போய்விடுவார். சத்தத்தைக் கூட்டினால் ஒழுங்காக நடுவுக்கு வந்து நிற்கிறார், ஆனால் இரவு பதினோரு மணிக்கு அந்தச் சத்தம் எனக்கு வேண்டாம். ஸ்டீரியோ பாட்டில் இதைக் கண்டுபிடிப்பது கடினம், மிக்சிங்கே அப்படித்தான் போல என்று விட்டுவிடுவோம். ஆம்ப் வாங்கப் போகிறவர்கள் ஒரு பழைய மோனோ பாட்டை போனில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. குமிழுக்குப் பின்னால் இருப்பது ஒரே தண்டில் கோத்த இரண்டு கார்பன் தடங்கள், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. நடுப்பகுதியில் இரண்டும் ஓரளவு ஒத்துப்போகும். அடிமட்டத்தில், தடம் தொடங்குகிற இடத்தில், சின்ன வித்தியாசம்கூட இரண்டு மூன்று டெசிபலாகத் தெரியும். போன மழைக்காலத்தில் குமிழ் கரகரக்கவும் தொடங்கியது. கான்டாக்ட் கிளீனர் அடித்ததில் சில வாரம் ஓடியது, பிறகு மறுபடியும் கரகரப்பு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைக்குக் கொண்டுபோய்ப் பாட்டை மாற்றினேன் (கேட்கிற பாட்டு இல்லை, வால்யூம் கன்ட்ரோல்). கரகரப்பு போயே போய்விட்டது. சுசீலா இடது புருவத்திலிருந்து வலது புருவத்துக்கு மாறிவிட்டார்! மெக்கானிக் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சார், சின்ன பாட்ல இது இப்படித்தான் வரும். சரியா வரணும்னா ஆல்ப்ஸ் கம்பெனி பாட், பெருசு, போடணும். அது இந்த போர்டுல உட்காராது."

பாட் மலிவானது என்பது பாதிக் காரணம்தான். மீதிக்கு ஆம்ப்பின் கெயின், அதாவது உள்ளே வருவதை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது, பொறுப்பு. கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். எச்டி 650-க்கு 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் சத்தம் வரும். சாதாரண டிஏசி (கணினியின் டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கான சிக்னலாக மாற்றுகிற பெட்டி) 2 வோல்ட் தருகிறது. எதுவுமே பெருக்காமல் நேரே விட்டாலும் உச்சத்தில் 109 டெசிபல், காதைக் கெடுத்துக்கொள்ள அது போதும். என் ஆம்ப் 'லோ கெயின்' என்ற பெயரில் அந்த 2 வோல்ட்டை நான்கு மடங்காக்குகிறது. கையேட்டில் லோ, ஹை என்று மட்டும் போட்டிருக்கிறார்கள், எத்தனை மடங்கு என்று இல்லை. மல்டிமீட்டர் வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். நான்கு மடங்கு என்றால் 12 டெசிபல். ஆம்ப் ஏற்றுகிற அந்தப் பன்னிரண்டை நான் குமிழில் இறக்கியாக வேண்டும். இறக்கினால் குமிழ் கார்பன் தடத்தின் மோசமான மூலையில் போய் உட்காருகிறது. இருக்கிறதிலேயே குறைந்த கெயினை ஏன் இவ்வளவு உயரத்தில் வைக்கிறார்கள்? கடையில் குமிழை லேசாகத் தொட்டாலே அதிர வேண்டும், 'என்னா பவர்!' என்று நாம் அசந்துபோக வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தோன்றுகிற காரணம்.

பெட்டியில் கொட்டை எழுத்தில் 32 ஓமில் (ஓம் என்பது ஹெட்போனின் மின்தடை) ஒன்றரை வாட் என்று போட்டிருக்கிறது. கணக்குப்படி அது ஏழு வோல்ட். அதே ஏழு வோல்ட் எச்டி 650-இன் 300 ஓமில் 160 மில்லிவாட் சொச்சம்தான் ஆகும். அதுவே 120 டெசிபல்! யாருக்கு வேண்டும்? ஹைஃபைமேன் எச்இ-6 மாதிரி, ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல் மட்டும் தருகிற முரட்டு பிளேனார் வகை ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்கு வாட் கணக்கு முக்கியம். 300 ஓம் என்றதும் 'பெரிய பவர் வேணும்' என்று பயப்படுகிறவர்கள் ஓம் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். வேண்டியது கொஞ்சம் வோல்ட், அவ்வளவே. போனில் செருகுகிற, 1 வோல்ட் தருகிற குட்டி யூஎஸ்பி-சி டாங்கிள் ஒன்றில் இதே ஹெட்போனைக் கேட்டேன். மெதுவான சத்தத்தில் சுசீலா நட்டநடுவில். கடுப்பாக இருந்தது.

இடையில் வால்வ் ஆம்ப் (சூடாகி ஒளிர்கிற கண்ணாடிக் குழாய்களால் இயங்குவது) ஆசையும் வந்து போனது. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் இல்லாத ஓடிஎல் வகைகளில் அவுட்புட் இம்பீடன்ஸ் (ஆம்ப்பின் சொந்த மின்தடை) 120 ஓம் அளவுக்குப் போகும். எச்டி 650-இன் இம்பீடன்ஸ் பேஸ் பகுதியில் 500 ஓம் வரை ஏறுவதால், கணக்குப்படி அங்கே ஒரு டெசிபல் போலக் கூடும். 'இதமான ஒலி' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்களே, அதில் கணிசமான பங்கு இந்த ஒரு டெசிபல்தான் என்பது என் எண்ணம். ஒரு டெசிபலுக்காக மேசை மேல் அடுப்பு வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

கடைசியில் தொல்லை ஓரளவு தீர்ந்தது இப்படி. முதலில் கணினியிலேயே வால்யூமைக் குறைத்துப் பார்த்தேன். டிஏசி 24 பிட்டில் ஓடும்போது 20 டெசிபல் குறைத்தால் மூன்று பிட் சொச்சம்தான் போகும், காதுக்குத் தெரியாது. ஆனால் ஏதோ ஓர் அப்டேட்டுக்குப் பிறகு வால்யூம் தானாக நூறுக்குப் போய், காதில் இடி விழுந்தது. அதோடு அந்த வழியை விட்டுவிட்டேன். இப்போது டிஏசிக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் சிக்னலைக் குறைக்கிற 20 டெசிபல் அட்டெனுவேட்டர் ஒரு ஜோடி இருக்கிறது. விரல் அளவு ஆர்சிஏ பிளக், உள்ளே இரண்டு ரெசிஸ்டர். குமிழ் இப்போது ஒன்பதரை மணிக்குப் போகிறது, குரல் நடுவில் நிற்கிறது. விளம்பரத்தில் பார்த்து வாங்கிய பவரை நூறில் ஒரு பங்காக்கி, அதன் பிறகுதான் நிம்மதியாகக் கேட்கிறேன். இதை எழுதும்போதே எரிச்சல் வருகிறது. அந்த ரெசிஸ்டர்களை ஆம்ப்புக்குள்ளேயே ஒரு சுவிட்சோடு வைத்திருக்க எவ்வளவு செலவாகியிருக்கும்?

ஆகவே நண்பனுக்கு: வேண்டாம், விலை இன்னும் இறங்கினாலும் வேண்டாம். முதலில் ஒரு டாங்கிளில் கொஞ்ச நாள் கேள். சத்தம் போதவில்லை என்று தோன்றினால் மட்டும் ஆம்ப் தேடு. கடைக்காரரிடம் வாட் கேட்காதே, லோ கெயின் எத்தனை மடங்கு என்று கேள். ஒன்று என்றால் எடு. கார்பன் பாட் இல்லாமல் சிப்பிலோ ரிலேயிலோ வால்யூம் குறைக்கிற வகை கிடைத்தால் இன்னும் நல்லது. 'அப்படின்னா உன்னோடதை அரை விலைக்குக் கொடு, அட்டெனுவேட்டரோட' என்று அடுத்து கேட்பாய், தெரியும். தர மாட்டேன்.