ஸ்ப்ளெண்டரில் டிசி ஹெட்லைட்: வெளிச்சம் அருமை, ஆனாலும் வேண்டாம்

வண்டி 2008 மாடல் ஸ்ப்ளெண்டர் பிளஸ். எஞ்சின், மைலேஜ் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, ஊருக்கே தெரியும். சொல்ல வந்தது ஹெட்லைட் பற்றி மட்டும்.

அந்தக் காலத்து 100 சிசி வண்டிகளில் பெரும்பாலும் ஹெட்லைட் பேட்டரியில் எரியாது. எஞ்சினோடு சுற்றும் மேக்னட்டால் காயிலில் உண்டாகும் ஏசி கரண்டில் நேரடியாக எரியும். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் பளிச்சென்று இருக்கும், மெதுவாகச் சுற்றினால் மங்கும். கம்பெனிக்காரர்கள் யோசிக்காமல் செய்த வேலை இல்லை இது. 2.5 ஏஹெச் அளவுள்ள சின்ன பேட்டரி போதும், விலையும் குறைகிறது. பேட்டரி செத்தே போனாலும் கிக்கரை உதைத்தால் வண்டி கிளம்பிவிடும். பகலில் ஓட்டுகிறவருக்கு இதில் ஒரு குறையும் தெரியாது.

தாராபுரம் பக்கத்துக் கிளை ரோடுகளில் ராத்திரி ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். முன்னால் பெயின்ட் அடிக்காத ஒரு வேகத்தடை. பார்த்ததும் கை தானாக ஆக்சிலேட்டரை விடும். விட்ட அந்த நொடியே லைட்டும் இறங்கிவிடும். எந்த இடத்தில் நன்றாகப் பார்க்க வேண்டுமோ, சரியாக அந்த இடத்தில் இருட்டு. எதிரே லாரி வேறு பிரைட்டில் வந்தால் ரோட்டோரம் எது, மண் எது என்றே புரியாது. இதற்காகத்தான் வீட்டிலேயே டிசிக்கு, அதாவது பேட்டரி கரண்டில் எரியும்படி, மாற்றினேன்.

வேலை இதுதான். புல்லர் போட்டு மேக்னட்டை இழுத்து, காயில் பிளேட்டை வெளியே எடுக்க வேண்டும். லைட் காயிலின் ஒரு முனை அந்த இரும்பிலேயே எர்த் ஆகியிருக்கும். அங்கே பற்றவைத்த ஈயத்தை உருக்கி முனையைப் பிரித்து, சூடு தாங்கும் ஸ்லீவ் போட்ட தனி வயரில் வெளியே கொண்டுவர வேண்டும். இப்போது காயிலின் இரண்டு முனையும் கையில் இருக்கும். இரண்டையும், ஏசியை டிசியாக்கி வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ஃபுல் வேவ் ரெகுலேட்டர் ரெக்டிஃபையருக்குக் கொடுத்தால், முன்பு பேட்டரிக்குப் பாதி அலை மட்டும் போன இடத்தில் முழு அலையும் போகும். அப்புறம் லைட்டுக்குப் போகிற மஞ்சள் வயரை மேக்னட்டிலிருந்து பிரித்து, ரிலே (சின்ன கரண்டில் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்) வைத்து பேட்டரியோடு சேர்க்க வேண்டும். ரிலேவை இயக்க, கீ போட்டதும் கரண்ட் வருகிற கறுப்பு வயர் இருக்கிறது. ஸ்பார்க்குக்கான காயில் தனி, அதைத் தொடவே கூடாது.

பல்பை மட்டும் மாற்றவில்லை. அதே 35/35 வாட் ஹாலஜன்தான். கடையில் விற்கும் எல்இடி பல்புகள் அந்த ரிஃப்ளெக்டருக்குப் பொருந்துவதில்லை. வெளிச்சம் ரோட்டில் விழாமல் எதிரே வருகிறவர் கண்ணில் விழுகிறது. நம் வசதிக்காக இன்னொருவரைக் குருடாக்குவது எனக்குச் சம்மதமில்லை.

முடித்ததும் மல்டிமீட்டரில் பார்த்தேன். பாதி ஆக்சிலேட்டரில் பேட்டரி முனையில் 14.2 வோல்ட். ஹெட்லைட்டோடு, ஆக்சிலேட்டரை விட்ட ஐடிலில் 12.4. அதாவது சிக்னலில் ரொம்ப நேரம் நின்றால் பேட்டரி கையிருப்பிலிருந்துதான் செலவாகிறது. ஆனால் வெளிச்சம் முன்பு போல இறங்கிவிடவில்லை. அன்று இரவு அதே வேகத்தடையில் ஆக்சிலேட்டரை முழுதாக விட்டேன். கருங்கல் ஜல்லி ஒவ்வொன்றும் தெரிந்தது. இந்த வண்டிக்கு நான் செய்த எந்தச் செலவும் இவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை.

2023-ல் ஆர்சி 15 வருடம் முடிந்து புதுப்பிக்கப் போனபோது இதனால் ஒரு சிக்கலும் வரவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தடுப்பது, ஆர்சியில் உள்ள விவரங்கள் கம்பெனி முதலில் கொடுத்த விவரங்களோடு ஒத்துப்போகாதபடி வண்டியை மாற்றுவதை. எஞ்சின், சேசிஸ், கலர் எல்லாம் அப்படியே இருக்கிறது. டிம், பிரைட், இண்டிகேட்டர், ஹார்ன் எல்லாம் சரியாக வேலை செய்தன. 2022 ஏப்ரலிலிருந்து கட்டணம்தான் 300-லிருந்து 1,000 ஆகிவிட்டது. சைலன்சரை வெட்டியவர்களும் ஹேண்டில்பாரை மாற்றியவர்களும் ஒரிஜினல் பாகம் தேடி அலைவதைப் பார்த்தபோது, வெளியே தெரியாத இந்த மாற்றம் எவ்வளவோ மேல் என்று பட்டது.

சரி, இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். ரெக்டிஃபையரோடு வந்த நாலு பின் கப்ளர், அதாவது வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகி. மழைக்காலம் வந்தால் போதும், சீட்டுக்கு அடியில் ஈரம் ஏறி பின்னில் பச்சைக் களிம்பு பிடிக்கிறது. அதில் ஓடுவது சில ஆம்பியர்தான், பெரிய கரண்டே இல்லை. ஆனால் களிம்பு பிடித்த இடத்தில் ரெசிஸ்டன்ஸ் கூடி, சூடாகி, பிளாஸ்டிக் பழுப்பாகி, கடைசியில் பின் உள்ளேயே ஒட்டிக்கொள்கிறது. பின்னைச் சுரண்டினேன், கிரீஸ் வைத்தேன், பாலிதீன் சுற்றினேன். அடுத்த ஐப்பசியில் அதே நாற்றம். நேரடியாக ஈயம் வைத்துப் பற்றிவிடச் சொல்கிறார்கள். ஈயம் முடிகிற இடத்தில் வயர் விறைத்து, வண்டி அதிர்வில் அங்கேயே முறியும். அதனால் அதற்கு நான் ஒத்துக்கொள்வதில்லை. நூறு ரூபாய்கூடப் பெறாத ஒரு சாமானால் இத்தனை நல்ல வேலை கெடுகிறதே என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

போன வாரம் அக்கா மகன் வந்து, "மாமா, என் வண்டிக்கும் இதே மாதிரி பண்ணிக் குடுங்க" என்றான். கையில் கருகிய கப்ளரோடு உட்கார்ந்திருந்தேன். "வேண்டாம் மாப்ளே" என்று சொல்லிவிட்டேன். மீட்டர் வைத்துப் பார்க்கத் தெரியாதவன், மழை முடிந்ததும் சீட்டைக் கழற்றிப் பார்க்கப் பொறுமை இல்லாதவன் இதைச் செய்யவே கூடாது. ஹெட்லைட்டை எரிய விட்டு எஞ்சினை நிறுத்திக் கீயை மறந்தால் அந்தச் சின்ன பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ரெகுலேட்டர் போய் 15 வோல்ட்டைத் தாண்டினால் பேட்டரி கொதிக்கும். அவன் வண்டியின் ரிஃப்ளெக்டர் வெளுத்துப் போயிருக்கிறது, ஹோல்டர் ஆடுகிறது. முதலில் அவை இரண்டையும் மாற்றி, நல்ல பல்பு போட்டு, ஹெட்லைட் எர்த்தைச் சுத்தம் செய்தாலே பாதிக் குறை தீரும்.

என் வண்டிக்கு ரப்பர் சீல் உள்ள, ஈயம் பூசிய பின் வைத்த கப்ளர் வாங்கியிருக்கிறேன். வாய் கீழே பார்க்கிற மாதிரி, பேட்டரிப் பெட்டிக்கு மேலே ஏற்றிக் கட்டப்போகிறேன்.