ஆச்சியின் தாலாட்டு, 255 பைட், மூன்று வருடக் கடுப்பு

நண்பர் ஒருவர் 8 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கிவிட்டு, “பழைய டேட்டாவையெல்லாம் இதில் போட்டுப் பூட்டி வைக்கப் போறேன், எதில் ஃபார்மட் பண்ணலாம்?” என்று கேட்டார். ஒரு வரியில் சொல்லியிருக்கலாம், முடியவில்லை.

என்னிடம் இருப்பவை ஆச்சியின் பாட்டுகள். தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப்பாட்டுமாகக் கேசட்டிலிருந்து மாற்றியவை. முதல் அடி, ஊர், தேதி சேர்த்துத் தமிழிலேயே பெயர் வைத்திருந்தேன். எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மட் போட்ட டிஸ்க்கில் சுகமாகக் கிடந்தன. விண்டோஸ், மேக், லினக்ஸ் எதில் செருகினாலும் திறக்கும். ஒருநாள் காப்பி ஓடும்போது கரண்ட் போய், ஒரு ஃபோல்டரே காணோம். எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் (பாதியில் நின்ற வேலையைச் சரிசெய்ய உதவும் குறிப்பேடு) கிடையாது, தெரிந்தே வைத்திருந்தது என் தப்பு. நல்லவேளை, கேசட் இருந்தது.

அப்புறம்தான் லினக்ஸில் இரண்டு டிஸ்க்கை ரெய்டு 1 ஆக்கி (எல்லாமே இரண்டிலும் ஒவ்வொரு பிரதி இருக்கும்), பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபார்மட் போட்டேன். காப்பி போட்டால் பாதியில் ‘ஃபைல் நேம் டூ லாங்’!

எக்ஸ்ஃபேட்டில் பெயருக்கு 255 யூனிகோட் குறிகள் வரை இடமுண்டு. பிடிஆர்எஃப்எஸ்ஸில் 255 பைட்டுகள்தான். லினக்ஸின் இன்னொரு ஃபார்மட்டான ஈஎக்ஸ்டி4-க்குப் போனாலும் அதே கதை. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். நமக்கோ ஒரு குறிக்கு மூன்று, அதிலும் புள்ளி, கால், கொம்புக்கெல்லாம் தனித்தனியாக மூன்று. ‘ஆராரோ ஆரிரரோ’ என்பதற்கே 34 பைட் போய்விடுகிறது. ஆச்சியோ ஓர் அடியை மூச்சு விடாமல் இழுப்பவள். கடைசியில் நாற்பது பாட்டுக்கு மேல் ‘ஒப்பாரி_17’ என்று கைதி மாதிரி நம்பர் போட்டேன். எது எந்தப் பாட்டு என்று பார்க்கத் தனியாக ஒரு டெக்ஸ்ட் ஃபைல்.

சரி, நியாயத்தையும் சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை ஸ்க்ரப் ஓட்டுகிறேன், அதாவது டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் படித்துச் சோதிப்பது. போன வருடம் ஒரு டிஸ்க்கில் ஒரு பிளாக் கெட்டிருந்தது. செக்சம் (டேட்டாவிலிருந்து கணக்கிட்டு வைத்த சரிபார்ப்பு எண்) பொருந்தவில்லை என்று அதுவே கண்டுபிடித்து, அடுத்த டிஸ்க்கிலிருந்த நல்ல பிரதியை எடுத்துச் சரிசெய்துவிட்டது. எந்த ஃபைல் என்று பார்த்தால் ஒரு நடவுப்பாட்டு. எக்ஸ்ஃபேட்டாக இருந்தால் கரகரப்பைக் கேட்கும்வரை எனக்குத் தெரிந்திருக்காது. ஒற்றை டிஸ்க்காக இருந்திருந்தால் பிடிஆர்எஃப்எஸ்ஸும் கெட்டதைக் காட்டியிருக்குமே தவிர, மீட்டிருக்காது.

நண்பரிடம் என்ன சொன்னேன்? “எக்ஸ்ஃபேட்டே போடுங்க. இன்னொரு டிஸ்க்கில் ஒரு காப்பி, கூடவே ஒவ்வொரு ஃபைலுக்கும் ஷா256 செக்சம் போட்ட பட்டியல் ஒன்று எடுத்து வைங்க.” என் டிஸ்க்குகள் மட்டும் இன்னும் பிடிஆர்எஃப்எஸ்ஸில்தான் இருக்கின்றன. நேற்று ‘தாலாட்டு_09’ எந்தப் பாட்டு என்று தேட, அந்த டெக்ஸ்ட் ஃபைலை எங்கே வைத்தேன் என்று முதலில் தேட வேண்டியிருந்தது.